வீட்டு வேலைக்கு நடுவே கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றிப் பின்னுவது

கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுவதில் கையால் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான், மீதியெல்லாம் காத்திருப்பு. நூல் ஊற வேண்டும், மெல்லச் சூடேற வேண்டும், அதே தண்ணீரில் ஆற வேண்டும், அப்புறம் நிழலில் உலர வேண்டும். ஒரு நாள் முழுக்க ஒதுக்கினால்தான் இதைத் தொட முடியும் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய பேர், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள், பெரியவர்கள், சமையல், ஸ்கூல் வேன் என்று ஓடுகிற வீட்டுக்கு இந்த வேலை நன்றாகவே ஒத்துப்போகும், எந்த இடத்தில் நிறுத்தலாம், எந்த இடத்தில் நிறுத்தக் கூடாது என்று தெரிந்தால் போதும். நிறுத்தக் கூடாத நேரம் மொத்தத்தில் ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் வரும்.

நாங்கள் இருப்பது குன்னூரில். இங்கே மார்கழிக் காலையில் காது மூடாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மனம் வராது, அதனால் தொப்பியும் மஃப்ளரும் அலங்காரம் இல்லை, தேவை. சமவெளியில் இருப்பவர்களும் ஊட்டி, கொடைக்கானல் போகவும் வெளிநாட்டில் இருக்கிற பேரப்பிள்ளைக்கு அனுப்பவும் பின்னுகிறார்கள். முறை எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதலில் நூலைச் சோதித்துப் பாருங்கள்

கடையில் "உல்லன்" என்று கேட்டால் எடுத்துத் தருகிற உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக். பின்னுவதற்கு அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வீட்டில் ஏற்றுகிற சாயம் அதில் பிடிக்கவே பிடிக்காது, அது ஒரு வகை பிளாஸ்டிக் இழை. லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லாவிட்டால் ஒரு துண்டு இழையை இடுக்கியில் பிடித்து, சிங்க் மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரியும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், மிஞ்சிய கரி விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறிய பின் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, மெல்லிய சாம்பல்.

கம்பளியும் பட்டும் புரத இழைகள். புளிப்பும் சூடும் சேர்ந்தால் அமில வகைச் சாயங்களைப் பிடித்துக்கொள்ளும். கேசரியில் போடுகிற ஃபுட் கலரும் இந்த வகைதான், அதனால்தான் சமையலறைப் பொருட்களை வைத்தே கம்பளிக்கு நிரந்தரமான சாயம் ஏற்ற முடிகிறது. பருத்திக்கு இந்த வழி உதவாது. அதற்கு ரியாக்டிவ் சாயம் வேண்டும், அல்லது கடுக்காய், படிகாரம் என்று வேறு பாதையில் போக வேண்டும், அதை இங்கே எடுக்கவில்லை.

சாயம் ஏற்றாத வெள்ளைக் கம்பளி நூல் இப்போது ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது. வாங்கும்போது சூப்பர்வாஷ் மெரினோவா (மெரினோ என்பது மென்மையான ஒரு வகை ஆட்டுக் கம்பளி), சாதாரணக் கம்பளியா என்று பாருங்கள். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கும். சூடு, சோப்பு, உரசல் மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூல் கட்டியாகிவிடும், சுருங்கியது திரும்ப விரியாது. சூப்பர்வாஷ் நூலில் செதில்களை மட்டுப்படுத்தியிருப்பார்கள், அதனால் வாஷிங் மெஷினில் தெரியாமல் விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும், சாயமும் வேகமாக, அடர்த்தியாகப் பிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சூப்பர்வாஷ்தான் சொல்வேன். யார் எந்தத் துணியை எப்போது மெஷினில் போடுவார்கள் என்று சொல்ல முடியாத வீட்டில் சாதாரணக் கம்பளி பெரிய கவலை.

முந்தின இரவு செய்ய வேண்டியது

நூல் உருண்டையாக இருந்தால் நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்குங்கள், அதாவது தளர்வான பெரிய வளையமாக. சிட்டத்தை நான்கு இடத்தில் கட்ட வேண்டும், எட்டு வடிவில் இழைகளுக்கு நடுவே நூலை விட்டு, விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக. இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் பட்டை விழும். கட்டாமல் விட்டாலோ, சிக்கெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் போகும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பூ விட்டு நூலை முக்கி வையுங்கள். அரை மணி நேரம் கட்டாயம், இரவு முழுக்க ஊறினாலும் ஒன்றும் ஆகாது. கம்பளிக்குள் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும், உள்ளே காற்று நின்ற இடமெல்லாம் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், அதனால் இதில் அவசரம் வேண்டாம். ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஊறப் போட்டுவிட்டால் காலையில் தயார்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் நான் கொஞ்சம் கறார்தான். சாயத்துக்கென்று ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு இடுக்கி தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் திரும்பச் சமைக்க வேண்டாம். ஃபுட் கலர் மட்டும்தான் என்றாலும் இந்தப் பழக்கம் நல்லது, ஏனென்றால் கை பழகியதும் நீங்கள் கம்பளிக்கென்று விற்கிற கடைச் சாயத்துக்கு (அமில வகைச் சாயத்துக்கு)ப் போவீர்கள், அப்போது பாத்திரம் மாறிவிடக் கூடாது. அலுமினியம், இண்டாலியம் புளிப்போடு வினைபுரியும், இரும்புச் சட்டி நிறத்தை மங்கடித்துவிடும், அதனால் இரண்டும் வேண்டாம். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், சாயப் பாத்திரத்தின் பிடியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார், பிள்ளைகளுக்குக்கூட அது சமையல் பாத்திரம் இல்லை என்று தெரியும்.

அடுப்பில் இருக்கும் ஒரு மணி நேரம்

100 கிராம் நூலுக்கு 4 லிட்டர் தண்ணீர். அதில் வெள்ளை வினிகர் 60 மில்லி, அதாவது 4 டேபிள்ஸ்பூன். வினிகர் வாடை பிடிக்காதவர்கள் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போடலாம், அதற்கு வாடையே இல்லை. ஃபுட் கலரை ஒரு டம்ளர் வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். எவ்வளவு என்றால், முதலில் கால் டீஸ்பூனில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி அடர்த்தி மாறும். போதாவிட்டால் நூலை இடுக்கியால் ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றிக் கலக்கி, திரும்ப இறக்கலாம். கூட்டுவது சுலபம், ஏறிய சாயத்தை இறக்குவதுதான் கஷ்டம்.

ஊறிய நூலைப் பிழிந்து, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இறக்குங்கள். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, அரை மணி நேரம் எடுத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். போக வேண்டியது 85 டிகிரி அளவுக்கு. வெப்பமானி இல்லாவிட்டால் பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்து, ஆவி நன்றாகப் பறக்கிற கட்டம்தான் அது. தளதளவென்று கொதிக்க விடக் கூடாது, கொதி உருட்டுகிற உருட்டில் சாதாரணக் கம்பளி கட்டிப்போகும். கரண்டியை வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்கவும் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சிட்டத்தை மெதுவாகப் புரட்டிவிட்டால் போதும். அந்தச் சூட்டில் இன்னொரு அரை மணி நேரம்.

இந்த ஒரு மணி நேரம்தான் சமையலறையை விட்டு நகரக் கூடாத நேரம். பக்கத்து அடுப்பில் குழம்பு வைக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். சாயத் தண்ணீர் தெறிக்கும், கவனமும் சிதறும். நான் கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது மாதிரி உட்கார்ந்து செய்கிற வேலையை இந்த நேரத்துக்கென்று எடுத்து வைப்பேன், அதையும் அடுப்பிலிருந்து தள்ளி மேசையில்தான்.

அடுப்பை அணைக்கும் முன் ஒரு கரண்டியில் தண்ணீரை மொண்டு பாருங்கள். நிறமெல்லாம் நூலுக்குள் போய், தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்திருக்க வேண்டும். இன்னும் நிறம் மிச்சம் இருந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் கூடுதலாக விட்டு (நூலின் மேல் நேராக ஊற்றாமல்) பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். சிவப்பு வேகமாகப் பிடிக்கும், நீலம் நிதானமாகத்தான் வரும். நீலமும் மஞ்சளும் கலந்த பச்சைப் பொடியில் இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஏறுவதால் ஒரே சிட்டத்தில் ஓர் இடம் மஞ்சள் கூடியும் ஓர் இடம் நீலம் கூடியும் வரும். எனக்கு அந்த ஏற்ற இறக்கம் மிகவும் பிடிக்கும். சீரான பச்சை வேண்டுமென்றால் வினிகரை ஆரம்பத்தில் சேர்க்காமல், நிறம் நூல் முழுக்கப் பரவிய பின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் வித்தியாசம் குறையும்.

அணைத்த பின் மூடி வைத்துவிட்டுப் போய் உங்கள் வேலையைப் பாருங்கள். அதே தண்ணீரில் முழுக்க ஆறட்டும், மதியம் வரைக்கோ மறுநாள் வரைக்கோ. சூடான நூலை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டவே கூடாது, அந்த அதிர்ச்சியும் தண்ணீர் விழுகிற வேகமும் சேர்ந்து கம்பளி கட்டிப்போகலாம். அவசரமில்லாமல் இருப்பதுதான் இந்தக் கட்டத்தில் நூலுக்கு நல்லது, வீட்டில் வேலை அதிகமாக இருக்கிற நாள் இதற்குத் தோதான நாளாக அமைவது அதனால்தான்.

ஆறிய பின் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். குன்னூர் மழையில் உலர இரண்டு நாளுக்கு மேலும் ஆகும், நாங்கள் குளியலறையில் கம்பியில் மாட்டி, கீழே ஒரு வாளி வைத்துவிடுகிறோம்.

வடித்த தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாயக் கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது என்பது நம் எல்லாருக்கும் தெரியும், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போடுகிற அளவுக்குப் போனது. வீட்டில் நாம் ஊற்றுவது ஒரு பாத்திரம்தான் என்றாலும், தண்ணீர் தெளிகிற வரை நூலைப் பாத்திரத்தில் வைத்திருப்பது, தெளியாத தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே இன்னொரு சிட்டம் போட்டு வெளிர் நிறமாக எடுத்துவிடுவது என்று பழகிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு வெளிர் நிறம் இருந்தால் தொப்பிக்குக் கோடு போடவும் ஆகும்.

பிள்ளைகள் கூட இருக்கும்போது

விடுமுறை நாளில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு ஃபுட் கலர் மட்டும்தான். பவுடராக வருகிற கடைச் சாயத்தை அவர்கள் பள்ளிக்குப் போன பிறகு, மாஸ்க் போட்டு, கீழே ஈரமான செய்தித்தாள் விரித்து, கரைசலாக்கி பாட்டிலில் அடைத்து வையுங்கள். காற்றில் பறக்கிற தூள் மூச்சுக்குள் போகக் கூடாது, ஈரத் தாள் அதைப் பிடித்துக்கொள்ளும். கரைசல் 1 சதவீதமாக இருந்தால் கணக்கு எளிது. 1 கிராம் சாயத்துக்கு 100 மில்லி தண்ணீர். 100 கிராம் நூலுக்கு அந்த 100 மில்லி முழுவதையும் ஊற்றினால் நடுத்தர அடர்த்தி, பாதி ஊற்றினால் வெளிர்.

பிள்ளைகளுக்கான முறை வேறு. ஊறப் போடும் தண்ணீரிலேயே வினிகரைச் சேர்த்துவிடுங்கள், லிட்டருக்கு 2 டேபிள்ஸ்பூன் போதும். பிழிந்த சிட்டத்தை அகலமான தட்டில் வட்டமாகப் பரப்பி, மூன்று நிறத்தைக் காலி சாஸ் பாட்டில்களில் ஊற்றிக் கையில் கொடுங்கள். மூன்றுக்கு மேல் கொடுத்தால் கடைசியில் எல்லாம் சேர்ந்து சேற்று நிறமாகிவிடும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கொடுக்கும்போது நிறங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள், அந்த இடத்தில் அவை தானே கலந்து ஆரஞ்சும் பச்சையும் வரும். எதிரெதிர் நிறங்கள் மேலே மேலே விழுந்தால்தான் மண் நிறம். விரலால் அழுத்தினால் அடிப்பக்க இழைக்கும் சாயம் இறங்கும், கையுறை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் பள்ளியில் டீச்சர் கேட்பார்.

இதை அவிக்க வேண்டும். பழைய இட்லிப் பானை ஒன்றைச் சாயத்துக்கென்று ஒதுக்கினால் அதைவிடத் தோதான பாத்திரம் கிடையாது. சூடு தாங்கும் ஒரு கிண்ணத்தில் சிட்டத்தைச் சுருட்டி வைத்து, தண்ணீர் தொடாத உயரத்தில் வைத்து மூடி, 30 நிமிடம் ஆவியில் விட்டு, அப்படியே ஆற விடுங்கள். மூடியைத் திறக்கும் வேலை பெரியவர்களுக்கு.

காயிலும் பூவிலும் வரும் நிறம்

ஃபுட் கலரின் பளிச் நிறம் பிடிக்காதவர்களுக்குச் சமையலறைக் குப்பையிலேயே நல்ல சாயம் இருக்கிறது. வெங்காயத் தோல், சரஸ்வதி பூஜை முடிந்து கழற்றிப் போடுகிற செண்டுமல்லி மாலைகள், மாதுளைத் தோல், இந்த மூன்றும் நம்பிக்கையானவை. ஆனால் இவற்றுக்கு முன்னால் நூலுக்குப் படிகாரம் கொடுக்க வேண்டும், சாயத்தையும் இழையையும் பிணைத்து வைப்பது அதுதான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிப் பொடித்து, 100 கிராம் நூலுக்கு 12 கிராம் வெந்நீரில் கரைத்து, ஊறிய நூலைப் போட்டு முன்பு சொன்ன அதே சூட்டில் முக்கால் மணி நேரம் வைத்து ஆற விடுங்கள். இதில் ஒரு பெரிய வசதி, படிகாரம் கொடுத்த நூலை உலர்த்தி, "படிகாரம் ஆச்சு" என்று சீட்டுக் கட்டி அலமாரியில் வைத்துவிடலாம். சாயம் அடுத்த மாதம் ஏற்றினாலும் சரிதான்.

வெங்காயத் தோலை ஒரு துணிப்பையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். நூலின் எடைக்கு எடை தோல் இருந்தால் நல்ல ஆழமான நிறம் கிடைக்கும், பாதி இருந்தாலும் அழகான மஞ்சள் ஆரஞ்சு வரும். தோலை ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் நூலைப் போட்டுச் சூடேற்றுவதுதான் முறை. செண்டுமல்லிக்கும் இதேதான், பூவைக் காய வைத்துச் சேமித்துக்கொள்ளலாம்.

பீட்ரூட், செம்பருத்தி, சங்குப்பூ மூன்றையும் விட்டுவிடுங்கள். பாத்திரத்தில் பார்க்கக் கண்ணைப் பறிக்கும், நூலில் நிற்காது. மஞ்சள் தூள் படிகாரமே இல்லாமல் அருமையாகப் பிடிக்கும், ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும், துணி சோப்புப் போட்டால் சிவந்தும் போகும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே வினைதான். வீட்டுக்குள் போட்டுக்கொள்கிற சாக்ஸுக்கு வேண்டுமானால் மஞ்சள் ஏற்றுங்கள், யாருக்கும் பரிசாகக் கொடுக்கிற பொருளுக்கு வேண்டாம்.

எந்தச் சாயமானாலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நூல் எத்தனை கிராம், என்ன சாயம், எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று. கூடவே ஒரு விரல் நீள இழையைப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய மொத்த நூலையும் ஒரே பாத்திரத்தில் ஏற்றிவிடுவதுதான் நல்லது, தனித்தனியாக ஏற்றினால் நோட்டைப் பார்த்துச் செய்தாலும் நிறம் லேசாக மாறும். மாறிவிட்டால் இரண்டு சிட்டத்தையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள், கண்ணுக்குத் தெரியாது.

பின்னல்

கையால் சாயம் ஏற்றிய நூலுக்கு எளிய பின்னல்தான் எடுப்பாக இருக்கும். நிறமே இவ்வளவு பேசும்போது லேஸ் (ஓட்டை ஓட்டையான பின்னல்), கேபிள் (முறுக்குப் பின்னல்) எல்லாம் போட்டால் இரண்டுமே தெரியாமல் போகும். முதல் வேலையாகப் பிள்ளைக்கு ஒரு தொப்பி பின்னுங்கள், 4 முதல் 6 வயதுக்கு இந்தக் கணக்கு.

டிகே தடிமன் நூல் (அதிகத் தடிமனோ அதிக மெல்லியதோ இல்லாதது, லேபிளில் DK என்று இருக்கும்), 4 மி.மீ. ஊசி. முதலில் ஒரு சதுரம் பின்னி, அலசி உலர்த்தி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள், கூட வந்தால் பெரிய ஊசி, குறைந்தால் சின்ன ஊசி. 102 கண்ணி ஏற்றுங்கள். முதல் 4 செ.மீ. ரிப், அதாவது இழுபட்டுத் திரும்பும் விளிம்புப் பின்னல். 2 நிட் (நேர்க் கண்ணி), 2 பர்ல் (மறு கண்ணி) என்று போய், வரிசையின் கடைசியில் 2 நிட்டில் முடியும், மறு பக்க வரிசையை 2 பர்லில் ஆரம்பித்து 2 பர்லில் முடியுங்கள். அப்புறம் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று, விளிம்பிலிருந்து 14 செ.மீ. வரும் வரை. இனி குறைக்க வேண்டும். முதலில் ஒரு நிட், பிறகு 8 நிட் போட்டு அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக நிட் என்பதைப் பத்து முறை, கடைசியில் ஒரு நிட். மறு பக்கம் முழுக்கப் பர்ல். அடுத்த நிட் வரிசையில் 8க்குப் பதில் 7, அதற்கடுத்து 6, இப்படியே நடுவில் நிட் எதுவும் இல்லாமல் இரண்டிரண்டாகச் சேர்க்கிற வரிசை வரை குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஊசியில் 12 கண்ணி நிற்கும். நூலை நீளமாக விட்டு வெட்டி, அந்தக் கண்ணிகளுக்குள் கோத்து இறுக்கி, அதே நூலில் பக்கத் தையலையும் போட்டுவிடுங்கள். 100 கிராம் சிட்டம் ஒன்றில் தொப்பி முடிந்து, உச்சியில் ஒரு குஞ்சம் வைக்கவும் நூல் மிஞ்சும்.

இதில் ரிப்பும் நடுப்பகுதியும் எங்கேயும் பின்னலாம். வேனுக்குக் காத்திருக்கும்போது, டியூஷன் வாசலில், டாக்டரிடம் டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது. குறைக்கிற வரிசைகளை மட்டும் பிள்ளைகள் தூங்கிய பிறகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது "அம்மா" என்றால் எண்ணிக்கை போய்விடும். நேர் ஊசிக்குப் பதில் நடுவில் கேபிள் உள்ள வட்ட ஊசி வாங்குங்கள், நேராகப் பின்னவும் அதுவே ஆகும். பாதி வரிசையில் எழுந்து போக வேண்டி வந்தாலும் கண்ணிகளைக் கேபிளுக்குத் தள்ளிவிட்டால் நழுவாது, கூரான முனையும் பைக்குள் அடங்கும். தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் ஊசி, கத்தரி, கண்ணிக்குறி வளையம் எல்லாம் ஜிப் வைத்த பையில், அலமாரியின் மேல் தட்டில்தான் இருக்க வேண்டும்.

முடிந்த தொப்பியை முதல் இரண்டு தடவை தனியாக அலசுங்கள், அடர் சிவப்பும் நீலமும் கொஞ்சம் மிச்சச் சாயம் விடலாம். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் ஷாம்பூ, துண்டில் அழுத்தி, தட்டையாகப் போட்டு நிழலில் காயவைக்க வேண்டும். தொங்கவிட்டால் இழுபட்டு நீண்டுவிடும். யாருக்காவது கொடுக்கிறீர்கள் என்றால் இதையே ஒரு சீட்டில் எழுதி, சரி செய்யத் தேவைப்படும் என்று அதே நூலில் ஒரு சின்னச் சுருளையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.